நூற்றுப் பதினெட்டுக் கடிதங்கள் எழுதியவளின் வாக்குமூலம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை தனித்தாளில் எழுதப்பட்டு, உறையிலிடப்பட்டு, என் முன்னிலையில் ஒட்டப்பட்டன. வயது 44. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை நிறுவனத்தில், மடிப்புப் பிரிவில், பதினான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பின்பக்கச் சாலையில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை கொண்ட வீட்டில் கணவருடனும் மகளுடனும் குடியிருக்கிறேன். கணவர் அதே நிறுவனத்தில் லாரி ஓட்டுகிறார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று விசாரணை அதிகாரியான அம்மா இரண்டு முறை எடுத்துச் சொன்னார். புரிந்தது என்றேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாக வந்தேன். கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் பிரிவில் ரோலர் என்று சொல்லும் பெரிய இஸ்திரி இயந்திரங்கள் மூன்று இருக்கின்றன. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இந்தப் பக்கம் விட, அந்தப் பக்கம் காய்ந்து சூடாக வருவதை இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். நின்றுகொண்டேதான் வேலை. எட்டு மணி நேரம் என்று போர்டில் எழுதியிருக்கும். ஆள் வராத நாளில் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள்.

என் கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார், என் சிபாரிசில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தவள் மாலை ஏழு மணிக்கு ரோலரில் துணி விட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மதியம் இரண்டு மணிக்கே அவள் வேலை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாகவும், தோழியைப் பார்க்கத் திரும்பி வந்த இடத்தில் மயங்கி விழுந்ததாகவும் நிறுவனத்தில் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டையும் காட்டினார்கள். அந்தக் கையெழுத்து அவளுடையது இல்லை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்குமே சோறு அங்கேதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு, சென்ற மாதம் 4ஆம் தேதி, என் எதிர் மேஜையில் மடிப்பவள் ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்தாள். அவள் தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் பிரிவில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். மாநில வேலைநேரத் திருத்த மசோதா என்று ஒன்று வந்திருக்கிறது, விருப்பம் என்று எழுதிக் கொடுக்கும் தொழிலாளியை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அதில் இருக்கிறது, அதைப் பரிசீலிக்கும் சட்டமன்றக் குழு முப்பது நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்தை எழுதி அனுப்பச் சொல்கிறது, இவ்வளவுதான் அதில் இருந்த விஷயம்.

"நாம எழுதினா யாருடி படிக்கப் போறா?" என்று கேட்டேன்.

"படிக்காட்டிப் போகட்டும்க்கா. வந்துச்சுன்னு ரசீது குடுத்தாகணும்ல. நாம சொல்லவேயில்லன்னு நாளைக்கு எவனும் பேச முடியாது" என்றாள்.

அவள் எந்தக் கட்சியிலும் இல்லை. அச்சடித்த தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னபோது கண்ணாடிக்காரிதான் வேண்டாம் என்றாள். அவரவருக்கு என்ன நடக்கும் என்பதை அவரவர் சொல்ல வேண்டும் என்றாள். எழுதத் தெரிந்த இருபத்திரண்டு பேர் தாங்களே எழுதினார்கள். மீதி அறுபத்தொரு பேருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டைகள் அடுக்கும் கொட்டகையில், ஒன்பது நாட்கள் எழுதினோம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, எட்டு மணி நேரத்திலேயே பால் கட்டி ஜுரம் வருகிறது என்று எழுதச் சொன்னாள். சாயந்தரம் மாமியாருக்கு ஊசி போட வீட்டில் வேறு ஆள் இல்லை என்றாள் இன்னொருத்தி. ரோலரில் இருக்கும் மூத்த அக்கா ஒருவர், "மூத்திரம் போக விட மாட்டேங்கறாங்க, எட்டு மணி நேரத்துக்கே ரெண்டு தடவைதான், பன்னண்டுன்னா நான் என்ன செய்யறதுன்னு எழுது" என்றார்.

"அப்படியே எழுதட்டுமா?"

"அப்படியேதான். வேணும்னா மூக்கைப் பொத்திக்கிட்டுப் படிக்கட்டும்."

அன்று எல்லோரும் சிரித்தோம். கொட்டகையில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு கடிதத்தையும் சொன்னவளுக்கே வாசித்துக் காட்டி கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவளானாலும் இடது பெருவிரலையே வைக்கச் சொன்னேன். அந்த அறுபத்தொன்றும் உண்மையான கடிதங்கள். 16ஆம் தேதி புதன்கிழமை, எங்கள் வார விடுமுறை நாளில், நானும் கண்ணாடிக்காரியும் சட்டமன்ற அலுவலகத்துக்குப் போய் எண்பத்து மூன்று கடிதங்களையும் கொடுத்து ரசீது வாங்கினோம். அவள் அந்த ரசீதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு 21ஆம் தேதி திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் சூப்பர்வைசர் வந்து, மேனேஜர் அறைக்கு வரச் சொன்னார். மேனேஜர் அங்கே இல்லை. வெளிர்நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. நிறுவனத்துக்கு ஆலோசகர் என்று சூப்பர்வைசர் சொன்னார். மேஜை மேல் பழைய வருகைப் பதிவேடும் வெள்ளைத் தாள் கட்டும் ஏழெட்டுப் பேனாக்களும் இருந்தன.

"உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்காமே. எங்களுக்கும் கொஞ்சம் எழுதித் தரணும் மேடம்" என்று அந்த நீலச் சட்டைக்காரர் சொன்னார். மசோதாவை வரவேற்றுக் கடிதம் எழுத வேண்டும், பதிவேட்டில் உள்ளவர்கள் பேரில் எழுத வேண்டும் என்றார். அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன். "எதுக்கு அவங்களத் தொந்தரவு பண்ணணும்?" என்றார். அதட்டவில்லை. சிரித்த முகமாகவே பேசினார். அதன் பிறகு சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல், "வீட்டுக்காரர மலைப் பாதை லாரிக்கு மாத்தலாம்னு இருக்கோம். அதுல பிரேக்கு கொஞ்சம் தகராறு. அவருக்குப் பழக்கம் இருக்கில்ல?" என்றார். அந்த லாரியை யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி என்று நான்கு நாட்கள், மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை எழுதினேன். கதவை வெளியே தாழ் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பார். நான் எழுதுவேன். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்ய எங்களுக்கு மனப்பூர்வமான சம்மதம் என்று முதல் வரி. மீதி வரிகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னார்கள். பேனாவையும் மாற்றச் சொன்னார்கள். எழுத்தை மாற்றி எழுத எனக்கு வரவில்லை. முயன்று பார்த்தும் எழுத்து மாறவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் பேருக்கு ஏதோ கிறுக்கினேன். மற்றவர்களுக்காக மைப்பெட்டியை முன்னால் நகர்த்தி, என் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு. அதில் விரல் வைத்தவை நாற்பது. எல்லா ரேகைகளும் என்னுடையவை. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் என் நாத்தனார் பெயர் வந்தது. பதிவேடு பழையது என்பதால் அவள் பெயரும் அதில் இருந்தது. சூப்பர்வைசர் பெயரை வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். அவருக்கும் அவளைத் தெரியும். அன்று அவளைத் தூக்கி வேனில் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். தலையை நிமிர்த்தாமல் அதே பெயரை இன்னொரு முறை வாசித்தார். நான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போடக்கூடியவள். கடைசி எழுத்தைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழிப்பாள். எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து என்பதால் அதே மாதிரியே போட்டேன். இறந்தவளின் கையெழுத்து இருப்பதை என்றாவது ஒருநாள் யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று வேண்டுமென்றே போட்டேனா என்று அதிகாரி அம்மா கேட்டார். அப்படிச் சொன்னால் எனக்கு நல்லது என்று தெரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

(இந்த இடத்தில் சாட்சி பேச்சை நிறுத்தினார். தண்ணீர் கொடுக்கப்பட்டது. தெருப்பக்க ஜன்னலை மூடச் சொன்னார். மூடப்பட்டது.)

அதன் பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தேன். கண்ணாடிக்காரி கேட்டபோது மேனேஜருக்குக் கணக்குப் புத்தகம் படியெடுத்தேன் என்று பொய் சொன்னேன். நம்பினாள். இந்த மாதம் 14ஆம் தேதி புதன்கிழமை, குழு எங்கள் ஊரில் மக்களை நேரில் கேட்கும் கூட்டம் நடத்தியது. நகராட்சி மண்டபத்தில் நடந்தது. எங்கள் பிரிவிலிருந்து முப்பது பேர் போனோம். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நீலச் சட்டைக்காரர் பக்கவாட்டுக் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரிக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவள் ஒரு நிமிடம் பேசியிருப்பாள். குழுத் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரே சலவை நிறுவனத்திலிருந்து எதிர்த்தும் ஆதரித்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன, ஒரே பெண்ணின் பேரில் இரண்டும் வந்திருக்கின்றன, எழுத்தும் ஒரே எழுத்தாக இருக்கிறது, ஆகவே எல்லாமே ஜோடனை, எல்லாவற்றையும் தள்ளுபடி செய்ய உத்தேசம் என்றார். அதன் பிறகு, எதிர்த்து வந்தவற்றில் ஒரே எழுத்தில் இருந்த அந்த அறுபத்தொன்றை யார் எழுதியது என்று கேட்டார்.

அவள் உடனே, "நான்தாங்க எழுதினேன்" என்றாள். நான் பயந்த சுபாவம் என்று அவளுக்குத் தெரியும். என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னாள்.

"அப்ப இதையும் நீங்கதானே எழுதியிருக்கணும்" என்று இன்னொரு கட்டிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். அது என் எழுத்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்வரிசைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எனக்குத் தெரியாதுங்க" என்று அவள் சொன்னது மைக்கில் கேட்டது. நான் எழுந்திருக்க நினைத்தேன். ஆனால் எழவில்லை. கதவருகே நின்றவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு குழு அலுவலகம் கொடுத்த புகாரின்பேரில் 16ஆம் தேதி அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். 17ஆம் தேதி, கள்ளக் கடிதம் தயாரித்ததாகக் கைது செய்தார்கள். அப்போதும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

அன்று மாலை நான்கு மணி சுமாருக்கு, காலை ஷிப்ட் முடிந்து வந்து நான் மட்டும் வீட்டில் இருந்தபோது, கதவு தட்டப்பட்டது. அறிமுகமில்லாத ஓர் ஆள் ஒரு குடையை நீட்டினார். பச்சைப் பூப் போட்ட குடை, என் மகளுடையது. "உங்க பொண்ணு விட்டுட்டுப் போயிருச்சும்மா. பத்திரமா இருக்கச் சொல்லுங்க, கவனமே இல்ல அதுக்கு" என்றார். எங்கே விட்டாள் என்று கேட்டேன். அதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து மகள் வந்தாள். குடை தொலைந்தது அவளுக்கே தெரியாது. கல்லூரி நூலகத்தில் பைகள் வைக்கும் அலமாரியில், தன் பைக்கு உள்ளே வைத்திருந்ததாகச் சொன்னாள். பையைத் திறந்து பார்த்தாள், இல்லை. புத்தகங்கள் வரிசை கலையாமல் இருந்தன. அவளைத் திங்கட்கிழமை காலேஜுக்குப் போக வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடிதங்களைப் பற்றிச் சொன்னபோதும், மலைப் பாதை லாரியைப் பற்றிச் சொன்னபோதும் பிளேடு அவர் கையிலேயே இருந்தது. அவருடைய தங்கை பேரில் எழுதியதைச் சொன்னபோது பிளேடைக் கீழே வைத்தார்.

"கையெழுத்து அவ போடற மாதிரியே வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க."

அதன் பிறகு, பதிவேட்டில் மதியம் இரண்டு மணிக்குப் போட்டிருந்த கையெழுத்து அவளுடையது இல்லை என்பதையும் சொன்னேன். ஒரு வருடமாக அவரிடம் மறைத்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நுரையை வழித்துவிட்டு, "நாளைக்கு லீவு சொல்லிடறேன். காலைல போவோம்" என்றார். மகளை என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு இன்று, அதாவது 19ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்கு இங்கே வந்தோம். வரும் வழியில் இரண்டு முறை திரும்பிப் போய்விடலாம் என்று சொன்னேன். அவர் நடந்துகொண்டேயிருந்தார்.

நூற்றுப் பதினெட்டையும் எழுதியது நான். கண்ணாடிக்காரிக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அறுபத்தொன்றையும் எழுதியதும் நான்தான், ஆனால் அவை அந்தப் பெண்களே சொன்னவை. இரண்டும் என் எழுத்தாக இருப்பதால் இரண்டையும் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

தொடர்ச்சி, பத்தொன்பது நாட்கள் கழித்து, அதே அறையில் பதிவு செய்யப்பட்டது.

முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் ரேகைகள் நாற்பது கடிதங்களிலும் ஒத்துப்போனதாகச் சொன்னார்கள். கண்ணாடிக்காரியை 21ஆம் தேதி விடுவித்தார்கள். அவள் வெளியே வந்தபோது நான் வாசலில் காத்திருந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஏதாவது தகவல் என்றால் வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புகிறாள்.

குழு அந்த அறுபத்தொரு பேரையும் நேரில் கூப்பிட்டது. அவர்களைத் திரட்டிக் கொண்டுபோனது கண்ணாடிக்காரிதான். ஐம்பத்து நான்கு பேர் வந்தார்கள். வராத ஏழு பேரில் நான்கு பேருக்கு அதே நாளில் நிறுவனத்தில் இரட்டை ஷிப்ட் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கடிதத்தையும் வாசித்துக் காட்டி, இது நீ சொன்னதுதானா என்று கேட்டார்கள். ரோலர் அக்காவின் கடிதத்தை வாசித்த உறுப்பினர் ஓர் இடத்தில் தயங்கினார். "வாசிங்க சார், அது என் வார்த்தைதான்" என்று அக்கா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எண்பத்து மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டு மணி நேரப் பிரிவை நிறுத்தி வைக்கும்படி பரிந்துரை செய்திருக்கிறார்கள். சபை அதைக் கேட்குமா, அடுத்த கூட்டத்தில் வேறு பெயரில் கொண்டுவருமா என்பது யாருக்கும் தெரியாது.

சூப்பர்வைசரைப் பிடித்துவிட்டார்கள். என் நாத்தனார் வழக்கை மறுபடி எடுக்க வேண்டும் என்று கணவர் மனுக் கொடுத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நீலச் சட்டைக்காரர் இன்னும் அகப்படவில்லை. அவர் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. தெருவில் அந்த நிறச் சட்டையைப் பார்த்தால் பக்கத்துக் கடைக்குள் ஏறி நின்றுகொள்கிறேன். மகள் பேருந்தை விட்டு இறங்கும் வரை கணவர் நிறுத்தத்தில் நிற்கிறார். இந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளி என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

மேலே எழுதியவற்றை அதிகாரி அம்மா எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கடைசி வரியில் மட்டும், இதை நான் எந்தப் பயமும் இல்லாமல் சொன்னதாக எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். எல்லா வாக்குமூலத்திலும் அப்படித்தான் எழுதுவது வழக்கம், வேறு மாதிரி எழுதினால் கோர்ட்டில் கேள்வி வரும் என்றார். வரட்டும் என்றேன். அடித்துவிட்டு நான் சொன்னபடி எழுதியிருக்கிறார்: இதைப் பயந்துகொண்டுதான் சொன்னேன், யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

அடித்த இடத்திலும் கீழேயும் என் கையெழுத்து.

(ஒப்பம்)